பீப்பாய்ப் பலகையில் மரச்சாமான்: வாசகர் கேள்வி பதில்

பழைய மரப் பீப்பாய்களைப் பிரித்து அந்த மரத்தில் மேசை, நாற்காலி, அலமாரி முதலியவற்றைச் செய்வது பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விரிவாக எழுதியவரின் கடிதம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: மது முதிர வைக்கும் ஓக் மரப் பீப்பாய்கள் சில, பயன் தீர்ந்தவை என்று கழிக்கப்பட்டு எனக்குக் கிடைக்க இருக்கின்றன. பல ஆண்டுகள் திரவத்தில் ஊறிய மரம் உளுத்துப் போயிருக்காதா? அதை நம்பி வீட்டுக்கு மரச்சாமான் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பீப்பாய் கழிக்கப்படுவதற்கும் அதன் மரம் கெடுவதற்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அமெரிக்காவில் பர்பன் என்ற பெயரில் விற்கப்படும் விஸ்கியை, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அங்கு ஒரு முறை நிரப்பிய பீப்பாய்க்கு அதே வேலையில் இரண்டாம் முறை இடமில்லை. அவற்றுள் பெரும் பகுதி ஸ்காட்லாந்து போன்ற இடங்களுக்குச் சென்று மீண்டும் மீண்டும் நிரப்பப்படுகிறது. அங்கே ஒரே பீப்பாய் அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைப்பது உண்டு. திராட்சை மது செய்பவர்களோ, நான்கைந்து ஆண்டுகளில் மரத்தின் சுவையும் மணமும் இறங்கித் தீர்ந்துவிடுவதால் பீப்பாயை விலக்குகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட சுவைதான் தீர்ந்ததே தவிர, தச்சருக்குத் தேவையான வலிமை அப்படியே இருக்கிறது.

பீப்பாய்க்கு மரம் தேர்ந்தெடுப்பவர்கள் தச்சர்களைவிடக் கண்டிப்பானவர்கள் என்றே சொல்ல வேண்டும். முடிச்சும் வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிப்புற மென்மரம்) கோணல் ரேகையும் இருந்தால் திரவம் கசியும் என்பதால் வைரம் பாய்ந்த நேர் ரேகை மரத்தை மட்டுமே எடுக்கிறார்கள். ஓக் வகைகளிலும் வெள்ளை ஓக் இனத்தையே நாடுகிறார்கள். அதன் வைரப் பகுதியில் நீரேற்றும் நுண்குழாய்களை மரமே உள்ளிருந்து அடைத்துக்கொள்கிறது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு இல்லாததால் அது கசியும். அமெரிக்க வெள்ளை ஓக்கை வாளால் அறுத்துப் பலகையாக்குகிறார்கள். ஐரோப்பிய ஓக்கில் குழாய்கள் அவ்வளவு இறுக்கமாக அடைபடாததால் ரேகையை ஒட்டிப் பிளந்தே பலகையாக்குகிறார்கள். பிளந்த பலகையில் நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அறுபடாமல் ஓடும். கடையில் வாங்கும் பலகையில் இந்தத் தரத்தைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

இன்னொரு நன்மையும் உண்டு. இரு வகைப் பலகைகளும் மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்தின் திசையில் எடுக்கப்பட்டவை. பச்சை நிலையிலிருந்து முழுதும் காயும்போது வெள்ளை ஓக் ஆரத்திசையில் சுமார் 5.6 விழுக்காடு சுருங்குகிறது. வளையங்களை ஒட்டிய திசையிலோ சுமார் 10.5 விழுக்காடு சுருங்குகிறது. ஆகவே பீப்பாய்ப் பலகை அகலவாக்கில் மற்றப் பலகைகளைப் போல ஏறக்குறையப் பாதி அளவே அசையும். இழைத்தவுடன் முகத்தில் தெரியும் வெள்ளிக் கீற்றுகளும் இந்த அறுப்பின் விளைவுதான்.

உளுத்த மரம் வருவது வேறு இடத்திலிருந்து. மண்ணில் வைக்கப்பட்டவை, பாதியாக வெட்டிச் செடி வளர்த்தவை, மழையில் கிடந்தவை ஆகியவற்றின் விளிம்புகளையும், இரும்புப் பட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதியையும் கத்தி முனையால் அழுத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் அந்தப் பலகையைத் தள்ளிவிட வேண்டும்.

கேள்வி: உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாய்களும் மலிவாகக் கிடைக்கின்றன. நன்றாகக் கழுவினால் போதுமா?

பதில்: போதாது. வேதிப்பொருள், எண்ணெய், மரப் பாதுகாப்பு மருந்து போன்றவை மரத்துக்குள் ஊடுருவியவை. கழுவுவதால் வெளிவராது, இழைக்கும்போது தூளாகி மூச்சில் ஏறும். உணவோ குடிக்கும் பொருளோ இருந்தது என்று உறுதியாகத் தெரியாத பீப்பாயை வாங்காதீர்கள்.

கேள்வி: பீப்பாயை எப்படிப் பிரிப்பது? இரும்புப் பட்டைகளைக் கிரைண்டரால் அறுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம். சமீபத்தில் காலியான சாராய வகைப் பீப்பாயின் உள்ளே, கண்ணுக்குத் திரவம் தெரியாவிட்டாலும், மரம் குடித்திருந்த சாராயம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய கலனுக்குள் அந்த ஆவி காற்றோடு கலந்திருக்கும்போது கிரைண்டரின் தீப்பொறி ஒன்று போதும்; பீப்பாய் வெடித்துச் சிதறும். வெட்டியே தீர வேண்டிய நிலை வந்தால், முதலில் மூடியைக் கழற்றிப் பல நாள் காற்றாட விடவோ, நீரால் நிரப்பி வைத்திருந்து வெளியேற்றவோ வேண்டும்.

பெரும்பாலும் வெட்ட வேண்டிய தேவையே எழாது. பீப்பாயில் பசையும் இல்லை, பலகைகளை இணைக்கும் ஆணியும் இல்லை. நடுவில் பருத்து முனைகளில் சிறுத்த உடல்மீது இறுகி நிற்கும் பட்டைகள்தான் அதைக் கட்டிவைத்திருக்கின்றன. நிழலில் காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் வைத்தால் மரம் சுருங்கி, பட்டைகள் தாமாகவே தளரத் தொடங்கும். பட்டைகளை நிறுத்த அடித்திருக்கும் சிறு ஆணிகளைப் பிடுங்குங்கள். பக்கப் பலகைகளுக்கு வரிசையாக எண் எழுதுங்கள். பிறகு மழுங்கிய இரும்புத் துண்டு ஒன்றைப் பட்டையின் ஓரத்தில் வைத்து, பீப்பாயைச் சுற்றி வந்தபடியே, நடுவிலிருந்து அருகிலுள்ள முனையை நோக்கிச் சுத்தியலால் தட்டுங்கள். முனைப் பட்டை முதலில், அடுத்தடுத்த பட்டைகள் பின்னர். ஒரு முனையின் பட்டைகள் கழன்றதும் வட்டமான மூடி, அது செருகியிருக்கும் காடியிலிருந்து (பலகைகளில் வெட்டிய பள்ளத்திலிருந்து) விடுபடும். கடைசிப் பட்டை வெளிவரும்போது பலகைகள் மொத்தமாகச் சரியும். கால்மேல் விழாதபடி தள்ளி நில்லுங்கள், தடித்த கையுறை அணியுங்கள். பட்டையின் ஓரங்கள் கூர்மையானவை.

பட்டைகளை எறிய வேண்டாம் என்றாலும் அவற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. அவை நேரான நாடாக்கள் அல்ல. பீப்பாயின் சரிவுக்கு ஏற்பச் சற்றே கூம்பாக அமைந்தவை. ரிவிட்டைக் கழற்றித் தரையில் விரித்தால் நேர்கோடாக இல்லாமல் வில்லாகக் கிடக்கும். பலகைக்கு நேர் விளிம்பு கட்ட நினைப்பவர்கள் இதைப் பார்த்துத் திகைப்பார்கள். துத்தநாகம் பூசிய பட்டையை வெல்டிங் செய்யும்போது எழும் புகையும் உடலுக்குத் தீங்கானது.

கேள்வி: பிரித்த பலகைகள் எல்லாம் வில்லாக வளைந்திருக்கின்றன. நீராவியில் வைத்து நிமிர்த்தி நேர்ப்பலகையாக்கி, நீளமான மேசை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வழிமுறை சொல்லுங்கள்.

பதில்: வழிமுறை சொல்கிறேன், ஆனால் அதைச் செய்யாதிருக்கும்படி உங்களை இணங்க வைக்கவும் முயல்கிறேன்.

பலகை முதலில் நேராக இருந்து, நெருப்பிலோ நீராவியிலோ சூடேறி, நாரை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகிய நிலையில் வளைக்கப்பட்டது. அதே நிலைக்கு மீண்டும் கொண்டுபோனால் திரும்பவும் அசையும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நீராவிப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்தவுடன் எதிர்த்திசையில் சற்றே மிகையாக வளைந்த அச்சில் கிளாம்ப் போட்டு இறுக்கி, முழுதும் காயும்வரை கழற்றாமல் வைக்க வேண்டும். சிக்கல் எங்கே என்றால், வளைக்கும்போது உட்புறம் அமுக்கப்பட்டது. நிமிர்த்தும்போது அதே உட்புறம் இழுக்கப்படுகிறது. உட்புறம்தான் கருகிய பக்கம். கரியில் கட்டம் கட்டமாகப் பிளவுகள் இருக்கும்; ஒவ்வொரு பிளவும் முறிவு தொடங்கும் இடம். அதனால் கரியை முழுவதும் சீவி, நல்ல மரம் தெரிந்த பிறகே நீராவிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்தும் சில பலகைகள் முறியும். நிமிர்ந்தவையும் காற்றின் ஈரம் மாற மாறச் சற்றே அசைந்துகொண்டிருக்கும். இத்தனை உழைப்புக்குப் பின் கிடைப்பது ஒரு மீட்டருக்கும் குறைவான பலகை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 225 லிட்டர் கொள்ளும் திராட்சை மதுப் பீப்பாயின் பக்கப் பலகை ஏறத்தாழ 95 செ.மீ. நீளமும், பொதுவாக 22 முதல் 27 மி.மீ. தடிமனும் கொண்டது. பீப்பாயின் நடு விட்டம் சுமார் 70 செ.மீ., முனை விட்டம் சுமார் 57 செ.மீ. என்று கொண்டால், பலகையின் வளைவு உயரம் 6.5 செ.மீ. வருகிறது. வில்லின் உயரம் நீளத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது என்பதுதான் இதில் நமக்குச் சாதகமான செய்தி. பலகையை இரண்டாக அறுத்தால் ஒவ்வொரு பாதியிலும் வளைவு 6.5 செ.மீட்டரில் பாதியாகாமல் கால்பங்காகி, சுமார் 16 மி.மீ. ஆகிறது. மூன்றாக அறுத்தால் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 7 மி.மீ. மட்டுமே. நான்காக அறுத்தால் 4 மி.மீ. 27 மி.மீ. தடிமனுள்ள பலகையை மூன்றாக அறுத்து, நீளவாக்கு வளைவுக்கு 7 மி.மீட்டரும், அகலவாக்கில் உள்ள மெல்லிய வளைவுக்கும் மெருகுக்கும் 4 மி.மீட்டரும் போக விட்டால், 16 மி.மீ. தடிமனில் இருபுறமும் தட்டையான, 30 செ.மீ. நீளமான துண்டு கிடைக்கிறது. நீராவியும் வேண்டாம், அச்சும் வேண்டாம். வாளும் இழைப்புளியும் போதும்.

அகலத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. நடுவில் 8 செ.மீ. அகலமுள்ள பலகை முனைகளில் ஆறரை செ.மீட்டராகச் சிறுத்திருக்கும். பலகைகளின் பக்க விளிம்புகளும் செங்குத்தானவை அல்ல. 30 பலகைகள் சேர்ந்து ஒரு சுற்று என்றால் ஒவ்வொரு விளிம்பும் 6 பாகை சாய்ந்திருக்கும். பசை போட்டுத் தட்டையாக ஒட்ட வேண்டுமானால் இரு விளிம்புகளையும் மூலைமட்டத்துக்கு நேராக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சேதாரத்தை முன்பே கணக்கில் எடுக்காதவர்கள், பாதி வேலையில் பலகை போதவில்லை என்று எழுதுகிறார்கள். மூடிக்கான காடி வெட்டப்பட்ட முனைகளில் நாலைந்து செ.மீட்டரையும், அடைப்பான் துளை உள்ள பலகையின் நடுப்பகுதியையும் கழித்துவிடுங்கள். அந்த இடங்களில் பலகைக்கு வலு குறைவு.

30 செ.மீ. துண்டுகளால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இழுப்பறை முகப்பு, சட்டமிட்ட கதவுக்குள் செருகும் பலகை, முக்காலி, பெட்டி, செங்கல் அடுக்குப்போல மாற்றி மாற்றி ஒட்டிய மேசை முகம் என்று நிறையவே இருக்கிறது. நீளம் கட்டாயம் வேண்டும் என்றால், பட்டை வாள் (பேண்ட் சா) உள்ளவர்கள் பலகையை அதன் வளைவை ஒட்டியே 5 மி.மீ. தடிமனுள்ள தகடுகளாகக் கிழித்துக்கொள்ளலாம். வளைவதற்கு மரம் காட்டும் எதிர்ப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. எனவே ஐந்தில் ஒரு பங்கு தடிமனுள்ள தகடு 125இல் ஒரு பங்கு விசைக்கே பணியும். அந்தத் தகடுகளை நேரான பலகைமீது பசையிட்டு அடுக்கி இறுக்கினால், காய்ந்த பின் நேரான, திடமான சட்டம் கிடைக்கும். மேசைக் கால்களுக்கு இதுவே சரியான வழி.

இவை எல்லாவற்றிலும் மேலானதாக நான் கருதுவது, வளைவை வளைவாகவே பயன்படுத்துவது. நாற்காலியின் முதுகுப் பலகை வளைந்திருக்க வேண்டும். புதிய மரத்தில் அந்த வளைவைப் பெறத் தச்சர் தடித்த கட்டையைச் செதுக்கி வீணாக்குவார், அல்லது நீராவிப் பெட்டியை மூட்டுவார். உங்களிடம் அது தயாராக இருக்கிறது. சாய்வு நாற்காலியின் இருக்கைக்கு முழுப் பலகைகளையே வரிசையாகப் பொருத்தலாம். ஆடும் நாற்காலியின் அடிவளைவுக்கும் ஆகும்; ஆனால் மேற்சொன்ன அளவுள்ள பலகையின் வளைவு ஆரம் சுமார் 1.7 மீட்டர் என்பதால், வழக்கமான ஆடும் நாற்காலியைவிடக் குறைவாகவே ஆடும். செய்ய நினைத்த பொருளுக்கு மரத்தை இழுப்பதைவிட, இருக்கும் மரத்துக்குத் தகுந்த பொருளைத் தேர்வது பீப்பாய் விஷயத்தில் மிகவும் பொருந்தும். நீள மேசை வேண்டுமென்றால் நீளப் பலகை வாங்குவதுதான் சிக்கனம்.

கேள்வி: உட்புறம் ஊதா நிறக் கறையும், பளபளக்கும் படிகங்களும், புளித்த வாசனையும் இருக்கின்றன. போக்குவது எப்படி?

பதில்: படிகங்கள் திராட்சையிலிருந்து பிரிந்து படியும் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு; தீங்கில்லாதவை. மழுங்கிய உளியால் சுரண்டியபின், சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். சோடா அதிகமானால் ஓக் மரம் கறுக்கும். ஆகவே அளவாகப் போடுங்கள். திராட்சை மது மரத்துக்குள் சில மி.மீ. ஆழம்தான் ஊடுருவுகிறது. உட்புறத்தை அந்த அளவு சீவிவிட்டால் நிறமும் வாசனையும் பெரும்பாலும் சீவலோடு போய்விடும்.

எஞ்சியிருக்கும் மணத்தை அடக்க, அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் மெருகு நல்ல தடுப்பு. திராட்சை மதுவின் மணமோ விஸ்கியின் மணமோ லேசாக இருந்தால் விட்டுவிடலாம். அது காலப்போக்கில் தணியும். புளித்த காடியின் (வினிகரின்) நெடி அடிக்கும் மரத்தை மட்டும் துணி வைக்கும் அலமாரிக்கோ மூடிய பெட்டிக்கோ பயன்படுத்தாதீர்கள். மூடிய இடத்தில் அந்த நெடி துணியில் ஏறிவிடும்.

கரியை அழகுக்காக அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். கைபடாத பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தளர்ந்த கரியைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து நீக்கி, மெருகு பூசி உறைய வைக்க வேண்டும். இல்லையேல் துணியிலெல்லாம் கரி ஒட்டும்.

கேள்வி: புதிதாகச் செய்த இருக்கையில், திருகாணிகளைச் சுற்றி நீலம் கலந்த கறுப்புக் கறை பரவுகிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை அல்ல. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. ஈரம் இருக்கும்போது இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு நிறம் பிறக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்படுத்திய மையும் இதே வேதிவினையால் ஆனதுதான் என்பதால், கறை எவ்வளவு நிலையானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இரும்புத் திருகாணிகளைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ மாற்றுங்கள். இருக்கும் கறையை நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலம் வெளுக்கும். அது நஞ்சு என்பதால் கையுறையும் கண் கவசமும் கட்டாயம், வேலை முடிந்ததும் நீர்விட்டு நன்றாக அலச வேண்டும். மெருகேற்றும் முன் இரும்புக் கம்பளியால் தேய்க்கும் வழக்கம் உள்ளவர்கள் ஓக்கில் அதைக் கைவிட வேண்டும். மரத்தில் தங்கும் நுண் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் பின்னர் ஒரு கறும்புள்ளியாகும்.

இதே வினைதான் பட்டைகள் இருந்த இடங்களில் பலகையின் வெளிப்புறத்தில் கறுத்த குறுக்குக் கோடுகளை வரைந்திருக்கிறது. அவற்றைச் சீவி எடுக்கப் பலர் பாடுபடுகிறார்கள். நாற்காலி முதுகில் அந்தக் கோடுகள் ஒரே மட்டத்தில் வரும்படி பலகைகளை அடுக்கினால் எந்தச் சித்திர வேலையும் அதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. மாறாக, பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஆலையின் முத்திரை பதித்த மூடியைச் சுவரில் மாட்டி, இதுவும் மரச்சாமான் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பிரித்த சில நாட்களிலேயே 70 செ.மீ. அகல மேசை முகம் ஒட்டினேன். இப்போது பலகைகளுக்கு இடையே விரிசல் விழுந்துவிட்டது. பசை சரியில்லையா?

பதில்: பசையைக் குறை சொல்ல வேண்டாம். காலியான பீப்பாயின் வெளிமுகம் உலர்ந்து காட்டினாலும் உள்ளே ஈரம் 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். வீட்டுக்குள் வைக்கும் மரச்சாமான் பெரும்பாலும் 8 முதல் 12 விழுக்காட்டில் நிலைகொள்ளும். ஓக் ஆரத்திசையில் ஈரத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் ஏறத்தாழ 0.2 விழுக்காடு சுருங்குகிறது. 25இலிருந்து 10க்கு இறங்கினால் மொத்தம் 3 விழுக்காடு, 70 செ.மீ. அகலத்தில் அது சுமார் 2 செ.மீ. அந்த 2 செ.மீ. எங்காவது தெரிந்துதானே ஆக வேண்டும்? நீங்கள் அடியில் குறுக்குச் சட்டங்களை அசையாதபடி முடுக்கியிருந்தால், சுருங்க வழியில்லாமல் மரம் பிளந்திருக்கும்.

பிரித்த பலகைகளைக் கரி நீக்கி, இடையிடையே சிறு குச்சிகள் வைத்து, நிழலில் காற்றுப் புகும்படி அடுக்குங்கள். வெயிலில் காய வைத்தால் முனைகள் வெடிக்கும். ஈரமானி இல்லாதவர்கள் அடுக்கின் நடுவிலிருந்து ஒரே பலகையை வாரம் ஒருமுறை எடுத்து எடை பார்த்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு, மேசை நிற்கப்போகும் அறையிலேயே இன்னும் சில வாரங்கள் வைத்திருந்து வேலை தொடங்குங்கள். குறுக்குச் சட்டங்களில் திருகாணித் துளையை நீள்வட்டமாக விடுங்கள், மரம் அசைந்துகொள்ளும்.

கேள்வி: பீப்பாயைப் பிரிக்காமல் அப்படியே மேசையாக வைத்திருந்தேன். ஒரு நாள் பட்டைகள் நழுவி எல்லாம் சரிந்துவிட்டது. தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மரம் இன்னும் ஈரமாகவும் பட்டைகள் இறுகியும் இருக்கும்போதே, ஒவ்வொரு பட்டையிலும் துளையிட்டு, ஒவ்வொரு பலகையுடனும் சிறு திருகாணியால் முடுக்கிவிட வேண்டும். பீப்பாயைப் பாதியாக அறுப்பதானாலும் இந்த வேலை அறுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பழைய பீப்பாய் மரத்தில் வண்டு இருந்து வீட்டிலுள்ள மற்ற மரச்சாமான்களுக்கும் பரவாதா?

பதில்: வண்டுகள் விரும்பும் வெளிறு பீப்பாய்ப் பலகையில் அனேகமாக இல்லை. செய்யும்போதே நெருப்பில் சூடேற்றப்பட்ட மரம் அது. மது மற்றும் சாராயப் பீப்பாய்களுக்கு, சரக்கு அனுப்பும் மரப் பெட்டி போன்றவற்றைப் பூச்சி நீக்கம் செய்ய வேண்டும் என்ற பன்னாட்டு விதியிலிருந்து விலக்கு அளித்திருப்பதும் இதனால்தான். ஆனால் பிரித்த பின் திறந்த வெளியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த மரத்தில் சிறு துளைகளும் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் உள்ளே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பீப்பாயை மறுபயன்பாடு செய்வது இப்போது வந்த நாகரிகம்தானே? நான்கு ஆண்டுகளில் மறைந்துவிடாதா?

பதில்: ரோமானியர் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த நாகரிகம் இது. இங்கிலாந்தில் சில்செஸ்டர் என்ற ரோமானிய ஊரை அகழ்ந்தபோது, கிணறுகளின் உட்சுவராகப் பழைய மதுப் பீப்பாய்களை அடுக்கியிருந்தது தெரியவந்தது. அடியும் மூடியும் நீக்கிய பீப்பாய் கிணற்று உறைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லண்டனில் 2010 முதல் 2014 வரை நடந்த ஓர் அகழாய்வில் 400க்கும் மேற்பட்ட ரோமானிய எழுத்துப் பலகைகள் கிடைத்தன. கடன் பத்திரம், கணக்கு, கடிதம் முதலியன எழுதப்பட்ட அவற்றின் மரம், அந்த மண்ணில் வளராத ஃபிர் இன மரம். வெளியிலிருந்து சரக்கோடு வந்திறங்கிய பீப்பாய்களைப் பிரித்து அந்தப் பலகைகளைச் செய்தார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவர்களும் பீப்பாய்ப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருக்கவில்லை. சிறு துண்டாக அறுத்து, அந்த அளவுக்கு ஏற்ற பொருளைச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆறு பேர் அமரும் உணவு மேசைக்கு எத்தனை பீப்பாய் வேண்டும்?

பதில்: 225 லிட்டர் பீப்பாயின் பக்கப் பலகைகளும் இரு மூடிகளும் சேர்ந்து ஏறத்தாழ 2.4 சதுர மீட்டர் பரப்பு வரும். முனை, துளை, விளிம்புச் சாய்வு, பிளவு எல்லாம் போக, தட்டையான பலகையாகப் பாதி தேறினால் நல்லது. அதாவது ஒரு பீப்பாய்க்கு ஒரு சதுர மீட்டரை ஒட்டி. 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் உள்ள மேசை முகத்துக்கு 1.62 சதுர மீட்டர் தேவை என்பதால் இரண்டு பீப்பாய். கால்களுக்கும் சட்டங்களுக்கும், மேலே சொன்ன தகடு அடுக்கும் முறையில், மூன்றாவது ஒன்று. முதல் வேலை இதுவென்றால், ஒரே பீப்பாயில் இரண்டு முக்காலிகளையும் ஒரு சிறு பெட்டியையும் செய்து பார்த்துவிட்டு மேசைக்கு வருவதே நல்லது.

மூடிப் பலகைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவை தொடக்கத்திலிருந்தே தட்டையானவை; பீப்பாயில் எந்தச் சீவலும் இல்லாமல் மேசைக்குப் போகக்கூடிய மரம் அவை மட்டும்தான். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று இணைக்க உள்ளே மறைவான முளைகள் இருக்கும். சில மரத்தாலும் சில எஃகாலும் ஆனவை. காந்தமோ உலோகம் காட்டும் கருவியோ கொண்டு பார்க்காமல் பிளேனரில் விட்டால் கத்தி போய்விடும்.

கேள்வி: வேலைசெய்யும்போதும் மெருகேற்றும்போதும் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: முதலில் தூள். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்திருக்கிறது. ஓக் போன்ற கடின மரத்தூளால் மூக்கில் வரும் புற்றுநோயே இதற்கு முதன்மைச் சான்று. கரித்தூளும் இதோடு சேர்வதால், கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும். கரி நீக்கும் வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் கரியால் உடனே அடைத்துப்போகும் என்பதால் முதலில் சுரண்டியாலோ இழைப்புளியாலோ நீக்கிவிட்டு, நல்ல மரம் தெரிந்த பிறகு உப்புத்தாளை எடுக்கலாம்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் இந்த மரத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. மெல்லிய பூச்சாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து எஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காய்கையில் வெப்பம் வெளிப்படும். சுருண்டு கிடக்கும் துணியில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். துணியை வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்டோ, நீரில் அமிழ்த்தி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வைத்தோ, பின்னர் அப்புறப்படுத்துங்கள்.